டூம் நாயகனைச் சாகவிடாத தரை

தமிழ் மாணவர்களின் ஆண்டிதழில், துப்பாக்கியால் சுட்டுத் தள்ளும் கணினி விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பக்கத்தைப் புரட்டிவிடாமல் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். 'டூம்' என்ற அந்த விளையாட்டு வெளிவந்தது 1993ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள். நான் பிறப்பதற்கு ஏறக்குறையப் பத்தாண்டுக்கு முந்தைய சங்கதி. ஆனாலும், அதன் கதைக்கு இரசிகர்கள் இன்றுவரை புதுப்புது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கதாநாயகன் மூன்றில் ஒரு பங்கு கதை முடிவதற்குள் செத்துவிட்டான், அதற்குப் பிறகு நாம் விளையாடுவதெல்லாம் அவனுடைய மறுமை வாழ்க்கை என்பது அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. அந்த விளக்கம் நிற்குமா, விழுமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். இதற்குக் கதை தேவையே இல்லை என்றுதான் இதை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர் நினைத்தார். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மெஸ்கீட் என்னும் ஊரில் இயங்கிய இட் சாஃப்ட்வேர் அப்போது ஒரு சிறு நிறுவனம். அங்கு டாம் ஹால் என்பவர் 1992இல் 'டூம் பைபிள்' என்ற பெயரில் ஒரு விரிவான ஆவணம் எழுதினார். பல கதாபாத்திரங்கள், நிகழ்விடங்கள், திருப்பங்கள் என்று எல்லாவற்றையும் திட்டமிட்டார். தலைமை நிரலரான ஜான் கார்மக், விளையாட்டில் கதைக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை என்ற கருத்துடையவர். அதற்கு அவர் சொன்ன உவமையை இந்த இதழில் எழுத இயலாது. ஹாலின் ஆவணத்தில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. 1993இல் அவரும் நிறுவனத்தை விட்டு வெளியேறினார்.

எஞ்சிய கதை, விளையாட்டோடு வந்த கையேட்டில் ஒரு சிறு பகுதி; ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் திரையில் ஓடும் சில வரிகள். அவ்வளவுதான். பொதுமக்களைச் சுடச் சொன்ன மேலதிகாரியைத் தாக்கிய ஒரு போர்வீரன், தண்டனையாகச் செவ்வாய்க் கிரகத்திற்கு அனுப்பப்படுகிறான். செவ்வாயின் இரு நிலவுகளான ஃபோபோஸ், டெய்மோஸ் ஆகியவற்றில் யூ.ஏ.சி. என்ற நிறுவனம், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு நொடியில் தாவும் வாயில்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. வாயில் வழியே பேய்கள் வருகின்றன. டெய்மோஸ் வானத்திலிருந்தே காணாமற்போகிறது. ஃபோபோஸுக்குள் போன சக வீரர்கள் அனைவரும் மாண்டுபோக, வெளியே காவலுக்கு நின்ற நம்மவன் மட்டும் கையில் ஒரு கைத்துப்பாக்கியுடன் உள்ளே நுழைகிறான். அவனுக்குப் பெயர் கூடக் கிடையாது.

இனி அந்தப் புகழ்பெற்ற இருட்டறைக்கு வருவோம்.

முதல் அத்தியாயத்தின் எட்டாம் கட்டத்தில் இரண்டு பெரிய பேய்கள் காத்திருக்கும். அவற்றைக் கொன்றால் சுற்றுச்சுவர் இறங்கும். நடந்து போனால் ஒரு வாயில். அதில் கால் வைத்ததும் ஓர் இருண்ட அறைக்குள் வந்து விழுவோம். சுற்றிலும் பேய்கள். எதிர்த்துச் சுடலாம், பயனில்லை. ஏனென்றால் நாம் நிற்கும் தரையே நம்மைத் தின்றுகொண்டிருக்கும். நச்சுக் கழிவுத் தரைகளில் நம்மைக் காக்கும் பாதுகாப்பு உடைக்கு இங்கே வேலையில்லை. சாகாவரம் தரும் குறுக்குவழிச் சொல்லைத் தட்டெழுதி வந்திருந்தாலும் அந்தத் தரை அதைப் பறித்துக்கொள்ளும். உயிர்ப் புள்ளிகள் சரிந்து பத்தைத் தொட்டதும் கட்டம் முடிந்துவிடும். மற்றக் கட்டங்களை ஒரு பொத்தானை அழுத்தியோ, ஒரு பெரிய பேயைக் கொன்றோ முடிக்கிறோம். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் நாம் வீழ்ந்தால்தான் வெற்றி. அதன்பின் திரையில் ஓடும் வரிகளும், எங்கே பரிசு, எங்கே வீட்டுக்குப் போகும் பயணச்சீட்டு, இப்படியா முடிய வேண்டும் என்று நமக்காகப் புலம்புகின்றன.

இரண்டாம் அத்தியாயம் தொடங்கும்போது, சேர்த்து வைத்த ஆயுதங்கள் ஒன்றுமில்லை. கைத்துப்பாக்கியும் 50 தோட்டாக்களும்தான். இடமோ காணாமற்போன டெய்மோஸ். ஆய்வகச் சுவர்களுக்கு நடுவே சதையும் எலும்பும் முளைத்திருக்கின்றன. அத்தியாய முடிவில் நாயகன் விளிம்புக்குச் சென்று எட்டிப் பார்க்கிறான். டெய்மோஸ் நரகத்துக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. அவன் கீழே இறங்குகிறான். மூன்றாம் அத்தியாயம் முழுவதும் நரகத்தில்தான் நடக்கிறது.

இவற்றை அடுக்கிப் பார்த்த இரசிகர்கள் சொல்கிறார்கள்: அவன் அந்த இருட்டறையிலேயே இறந்துவிட்டான். வெறுங்கையோடு மறுமைக்குப் போனான். பிறகு படிப்படியாக நரகத்துக்குள் இறங்கினான். மூன்றாம் அத்தியாய இறுதியில் பூமிக்குத் திரும்பும் கதவு திறக்கிறது. அங்கும் நகரம் எரிகிறது. அவன் வளர்த்த முயலின் தலை கழியில் செருகப்பட்டிருக்கிறது. அந்தப் பூமியும் நரகம் அவனுக்குக் காட்டும் காட்சிதான், மனிதன் எதை நேசித்தானோ அதைக் கொண்டே நரகம் அவனை வதைக்கிறது என்கிறார்கள்.

இந்த விளக்கம் எனக்குப் பிடிக்கும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கதையை எடுத்தாலும் 'எல்லாம் கனவு', 'நாயகன் மயக்கத்தில் கிடக்கிறான்' என்று ஒரு விளக்கம் எப்படியாவது முளைத்துவிடும். அவை சோம்பேறி விளக்கங்கள். கதையில் உள்ள எந்த ஒரு பொருளையும் தொட்டுப் பார்க்காமலேயே அவற்றைச் சொல்லிவிடலாம். எந்தக் கதைக்கும் ஒட்டலாம். இந்த விளக்கம் அப்படியன்று. ஒரு குறிப்பிட்ட அறையின் குறிப்பிட்ட தரையிலிருந்து அது புறப்படுகிறது. அந்தத் தரை வேறு மாதிரி இருந்திருந்தால் இந்த விளக்கமே பிறந்திருக்காது.

எதிர்த்தரப்புக்கும் நல்ல வாதங்கள் உண்டு. முதலாவது வாணிகம். டூமின் முதல் அத்தியாயம் இலவசம். யாரும் பிரதியெடுத்து யாருக்கும் கொடுக்கலாம். மற்ற இரண்டு அத்தியாயங்களும் வேண்டுமென்றால் காசு கட்டி வரவழைக்க வேண்டும். ஆகவே, ஆட்டக்காரனை நட்டாற்றில் விட்டால்தான் அடுத்ததை வாங்குவான். நாயகனுக்காகப் புலம்பும் அதே வரிகளின் கடைசியில், தொடர்ந்து அனுபவிக்க அடுத்த அத்தியாயத்தை விளையாடுங்கள் என்று விளம்பரமும் இருக்கிறது! வெறுங்கையோடு தொடங்குவதற்கும் எளிய காரணம் உண்டு. அத்தியாயங்களை எந்த வரிசையிலும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் ஒவ்வொன்றும் புதிதாகவே தொடங்கியாக வேண்டும்.

இந்த வாதம் சரியானதுதான். ஆனால் அது இன்னொரு கேள்விக்கான விடை. அந்த அறையை ஏன் கட்டினார்கள் என்பதற்கு வாணிகம் காரணமாக இருக்கலாம். கட்டிய அறை என்ன சொல்கிறது என்பது வேறு. வார இதழில் தொடர்கதை எழுதுபவர், அடுத்த இதழும் விற்க வேண்டும் என்பதற்காகவே நாயகியைக் கிணற்றுக்குள் தள்ளலாம். நாயகி கிணற்றில் விழுந்தது விழுந்ததுதானே?

விளக்கத்தை உண்மையில் அசைப்பது வேறொன்று. 1997 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் டூமின் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். அதில் அந்தத் தரைக்கு ஓர் எண் உண்டு: 11. அந்த வகைத் தரையில் நின்றால் ஏறத்தாழ ஒரு விநாடிக்கு ஒரு முறை 20 புள்ளிச் சேதம், சாகாவரம் நீக்கம், உயிர் பத்து அல்லது அதற்குக் கீழே வந்தால் கட்டம் முடிவு. இதுவரை நாம் கண்ணால் பார்த்ததுதான். ஆனால் சேதத்தைக் கணக்கிடும் வேறொரு பகுதியில் சில வரிகள் உள்ளன. வீரன் நிற்பது 11ஆம் வகைத் தரையானால், அவன்மேல் விழும் அடி அவன் உயிரை முடித்துவிடக்கூடியதானால், அந்த அடியைக் குறைத்து அவனுக்கு ஒரே ஒரு புள்ளியை மிச்சம் வை என்கின்றன அவ்வரிகள். தரை கொடுக்கும் சேதத்திற்கு மட்டுமல்ல, பேய்கள் கொடுக்கும் அடிக்கும் இதே விதிதான். அருகில் நிரலர் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார். இறுதி நரகத்துக்காகச் செய்த ஒட்டுவேலை என்பது அதன் பொருள்.

அதாவது, அந்த அறையில் அவனால் சாக முடியாது. நூற்றுக்கணக்கான பேய்களை அந்த அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாலும் முடியாது. டூம் முழுவதிலும் ஆட்டக்காரன் எங்கு வேண்டுமானாலும் சாகலாம். அவன் செத்ததாக இரசிகர்கள் சொல்லும் அந்த ஓரிடத்தில்தான் மரணம் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, சரி, விளக்கம் பொய்த்தது, போய் வேறு வேலையைப் பார்ப்போம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதே வரிகள் இன்னும் நல்ல ஒரு விளக்கத்துக்கு வழி காட்டுகின்றன. அவன் இறந்து நரகம் போகவில்லை. சாகவிடாமல் நரகத்துக்குள் இழுக்கப்பட்டான். சாவு அவனுக்கு மறுக்கப்பட்டது. ஒரு புள்ளி உயிரோடு, சாகாவரத்தையும் பிடுங்கிக்கொண்டு, சாகவும் விடாமல்! 'செத்துவிட்டான்' என்பதைவிட இது எவ்வளவு கொடூரமானது என்று எண்ணிப் பாருங்கள்.

பின்னால் வந்தவற்றையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் பொருந்துகிறது. 1994இல் வந்த 'டூம் 2' பூமியில் நடக்கிறது. உயிர் பிழைத்த மக்கள் விண்கலங்களில் ஏறித் தப்பிக்க அவன் வழி செய்கிறான். கடைசியில் பூமியில் மிச்சமிருக்கும் ஒரே மனிதன் அவன்தான். மனநிறைவோடு உட்கார்ந்து சாவுக்காகக் காத்திருக்கிறான். அப்போது விண்ணிலிருந்து செய்தி வருகிறது: பேய்கள் நுழையும் வாயில் உன் சொந்த ஊரிலேயே இருக்கிறது. வலியோடு எழுந்து மறுபடியும் போகிறான். சாவு பக்கத்தில் வந்து உட்காரும் நேரம் பார்த்து யாரோ அவனை எழுப்பிவிடுகிறார்கள்! 1997இல் வந்த 'டூம் 64' முடிவில், இனி ஒரு பேயும் தலையெடுக்கக்கூடாது என்று அவன் நரகத்திலேயே தங்கிவிட முடிவெடுக்கிறான். 2016ஆம் ஆண்டு டூமிலோ அவன் ஒரு கல்லறைப் பெட்டிக்குள்ளிருந்து எழுகிறான். அவனை ஒழிக்க வழி தெரியாத பேய்கள் அதில் அடைத்து வைத்திருந்தனவாம். ஏறக்குறைய கால் நூற்றாண்டில் வெவ்வேறு கைகள் எழுதிய கதைகள் இவை. அந்த ஒரு புள்ளி உயிரை இவர்கள் மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. இருந்தும் எல்லாம் அங்கேயே போய் நிற்கின்றன.

மற்ற விளக்கங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. இட் சாஃப்ட்வேர் டூமுக்கு முன்பு செய்த 'வுல்ஃபன்ஸ்டைன்' நாயகனும், 'கமாண்டர் கீன்' என்ற சிறுவனும், டூம் வீரனும் ஒரே குடும்பத்தார் என்று வம்சாவளி வரைவோர் உண்டு. வரைந்து என்ன பயன்? அதனால் கதையில் ஒரு காட்சியாவது புதிதாகத் தெரிகிறதா? இதில் இன்னொரு கூத்து, 'டூம் 2'இன் இரகசியக் கட்டம் ஒன்றில் நான்கு கீன் பொம்மைகள் தூக்கில் தொங்கும். அவற்றைச் சுட்டால்தான் வழி திறக்கும். வம்சாவளிக்காரர்கள் இந்தச் சொந்தக்காரனை எங்கே வைப்பார்களோ! 2005இல் வந்த திரைப்படம் அதைவிட மோசம். நரகத்தையே எடுத்துவிட்டு, எல்லாம் மரபணு ஆராய்ச்சியின் விளைவு என்று ஆக்கிவிட்டார்கள். நரகம் இல்லாத டூம் கறி இல்லாத கறிக்குழம்பு.

1995, 1996ஆம் ஆண்டுகளில் நான்கு டூம் நாவல்களும் வந்தன. அவற்றில் பேய்கள் என்பவை, மனிதர்களை அச்சுறுத்துவதற்காகவே வேற்றுலகவாசிகள் உருவாக்கிய உயிரினங்கள். அந்த வேற்றுலகவாசிகளுக்குள் காலங்காலமாக நடக்கும் போருக்குக் காரணம் என்ன தெரியுமா? கதைகளுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்பதில் இரு திறனாய்வுப் பிரிவினருக்குள் ஏற்பட்ட தகராறு! நம் தமிழ்த் துறைகளில் யாரேனும் அவர்களுக்கு யோசனை சொல்லியிருப்பார்களோ என்று எனக்கு ஓர் ஐயம்.

இப்போது உரிமையாளர்களின் கதைக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் 'டூம் இட்டர்னல்' வந்தது. 1993இன் வீரனும் பிற்கால வீரனும் ஒருவனே என்று அதில் உறுதிசெய்தார்கள். அவன் வேறோர் உலகத்துக்குக் காயத்தோடு வந்து சேர்ந்ததையும், ஒரு தெய்வீக இயந்திரம் அவனுக்குப் பேராற்றல் தந்ததையும் காட்டினார்கள். அரசர்கள், குருமார்கள், பல உலகங்கள் என்று பக்கம் பக்கமாகக் குறிப்புகள். முன்பு தூக்கியெறிந்த 'டூம் பைபிள்' போல் பல மடங்கு! அன்றிலிருந்து, இரசிகர் விளக்கம் ஒன்றைச் சொன்னவுடனே, அதெல்லாம் அதிகாரப்பூர்வமாக முடிந்துபோன விஷயம் என்று வாயை அடைப்பவர்கள் அதிகம்.

நான் இதை ஏற்கவில்லை. 1993இன் அறையை 2020இன் அறிவிப்பு திருத்த முடியாது. புதிய ஆட்டங்கள் பழைய கதைக்கு எழுதப்பட்ட உரைகள். உரிமையாளர் எழுதியதால் ஓர் உரை மூலமாகிவிடாது. நல்ல உரையா என்றுதான் பார்க்க வேண்டும். என் மதிப்பீட்டில், அந்தத் தெய்வீக இயந்திரம் சுமாரான உரை. அவன் ஏன் சாகவில்லை என்பதற்கு ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பழைய ஆட்டத்தில் சில வரி நிரலே அதைச் செய்துவிட்டது. அதுவும் வரமாக அல்ல, தண்டனையாக.

இதை ஏன் நம் இதழில் எழுதுகிறேன் என்றால், உரை என்ற சொல் நமக்குப் புதிதன்று. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்று தமிழ்ப்பள்ளியிலேயே படித்தோம். மணக்குடவர் ஒன்று சொன்ன இடத்தில் பரிமேலழகர் வேறொன்று சொல்வார். ஏன் வேறு சொல்கிறார் என்பதற்குச் சொல்லையும் இலக்கணத்தையும் காட்டுவார். அப்படிப்பட்ட மரபில் வந்த நாம், இடைநிலைப்பள்ளியில் இலக்கியப் பாடத்தை எப்படிப் படித்தோம்? நான் தேசியப் பள்ளியில் பயின்றவன். பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்த வகுப்புக்குப் போய்த்தான் எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்துக்குத் தயாரானேன். நாவலின் கருப்பொருள் இன்னது, துணைக்கருப்பொருள்கள் இவை இவை என்று வழிகாட்டி நூலில் அச்சாகியிருக்கும். மனனம் செய்தோம்; எழுதினோம்; தேறினோம். அந்தக் கருப்பொருள் நாவலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வகுப்பில் எத்தனை பேர் நாவலைத் திறந்திருப்போம் என்பதும் ஐயமே. வாரக் கடைசியில் தம் நேரத்தைச் செலவிட்டுக் கற்பித்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். தேர்வு அப்படி, வழிகாட்டி அப்படி.

அதே வயதில் அதே மாணவர்கள், முப்பது ஆண்டுப் பழைய விளையாட்டின் ஓர் அறைக்காக நள்ளிரவுவரை மாமாக் கடையில் வாதாடினோம். ஒருவன் நிரலைக் கைப்பேசியில் திறந்து காட்டுவான். ஒருவன் தொடக்கத்திலிருந்து விளையாடிப் பார்த்துவிட்டு அடுத்த நாள் வருவான். அங்கே வழிகாட்டி நூல் இல்லை, அவ்வளவுதான். விடை இன்னதென்று முன்கூட்டியே தெரியாததால் மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.

டூம் இரசிகர்கள் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறார்கள். கட்டங்கள், படங்கள், ஒலிகள் அனைத்தையும் இயங்கு நிரலிலிருந்து பிரித்துத் தனிக்கோப்பாக வைத்தது கார்மக்கின் குழு செய்த பேருதவி. அதனால் யார் வேண்டுமானாலும் புதிய கட்டம் கட்டலாம். 2023 மார்ச்சில் 'மைஹவுஸ்' என்று ஒரு கட்டம் வெளியானது. மறைந்த நண்பன் விட்டுச்சென்றதை மெருகேற்றியதாக அதன் முன்னுரை சொல்லும். பார்த்தால் ஒரு சாதாரண வீடு. வெளியே போய்த் திரும்பி வந்தால் அறை ஒன்று கூடியிருக்கும். அதே வீடு, ஆனால் அதே வீடு இல்லை. துக்கத்தைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சொன்ன படைப்பை அண்மைக் காலத்தில் நான் அதிகம் கண்டதில்லை. கதை முக்கியமில்லை என்று செய்யப்பட்ட விளையாட்டின் செங்கற்களைக் கொண்டே அதைக் கட்டியிருக்கிறார்கள்.

என் விளக்கத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. விடுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பன் எழுப்பியது அது. "டேய், அவனைச் சாக விடவில்லை என்கிறாய். நாம் விளையாடும்போது எத்தனை தடவை செத்திருக்கிறான்? முதல் கட்டத்திலேயே நான் நாற்பது தடவை செத்தேன். அதற்கு என்ன சொல்கிறாய்?" என்றான். செத்த பிறகு என்ன நடக்கிறது என்று பார் என்றேன். பொத்தானை அழுத்தினால் அதே கட்டத்தின் தொடக்கத்தில் எழுந்து நிற்கிறான். கையில் கைத்துப்பாக்கி, 50 தோட்டா. இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் எப்படி நின்றானோ அப்படியே. "அப்படிப் பார்த்தால் உலகத்தில் உள்ள எல்லா விளையாட்டிலும் நாயகன் சாகாதவன்தானே?" என்று அவன் திருப்பிக் கேட்டான். மற்றவற்றில் செத்து எழுவது கதைக்கு வெளியே, நமக்கும் இயந்திரத்துக்கும் இடையே நடக்கிறது. டூமின் இருட்டறையில் ஒரு முறை அது கதைக்கு உள்ளேயே நடந்தது என்பது என் பதில். அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.